பதினான்காம் விதியின்படி விலகியவர்கள்

தேரிக்கரைப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்குமான விதிமுறைகளைத் திருத்தி எழுதிய வருடத்தில், யாரோ ஒருவர், அவர் யாரென்று பிறகு எத்தனை கூட்டம் போட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை, பதினான்காம் விதியின் கடைசி வரியை இப்படி எழுதிவிட்டார்: ‘உரிய படிவத்தின் வழியே ஒரு பாடத்திலிருந்து விலகும் மாணவர், அப்பாடத்தை எக்காலத்தும் பயிலாதவராகவே ஆவார்.’ கருதப்படுவார் என்று இருந்திருக்க வேண்டும். ஆவார் என்று அச்சாகிவிட்டது. ஆட்சிக்குழு அதை அப்படியே நிறைவேற்ற, ஆடி மாதம் முதல் தேதி விதி நடைமுறைக்கு வந்தது, வந்த அன்றைக்கே வேலை செய்யவும் தொடங்கியது.

முதலில் விலகியவன் ஒரு வேதியியல் மாணவன். புள்ளியியல் தாள் தன்னால் ஆகாது என்று படிவம் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு கேன்டீனுக்கு வந்தவன், தட்டிலிருந்த நான்கு வடையை இரண்டு பேருக்கு எப்படிப் பங்கிடுவது என்று தெரியாமல் நின்றான். அவனை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. விதியில் அப்படித்தானே இருக்கிறது என்று சொல்லி, நண்பன் ஒருவன் அவன் கையில் இரண்டு வடையை எடுத்து வைத்தான். அடுத்த வாரம் வரலாற்றுத் துறைப் பெண்ணொருத்தி, பாடத்தின் பெயர் என்ற கட்டத்தில், தன்னை ஏமாற்றிவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டவனின் பெயரை எழுதிக் கொடுத்தாள். கூட்ட நெரிசலில் முத்திரை விழுந்தது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவள் அவனிடமே போய், திருச்செந்தூர் வண்டி போய்விட்டதா என்று விசாரித்ததை ஊரே பார்த்தது.

அதன்பிறகு தேரிக்கரையில் முதுகலைப் படிப்புக்கு ஏற்பட்ட மவுசு கொஞ்சநஞ்சமல்ல. விலகுவதற்கு முதலில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதால், மீன் ஏலம் கூவுகிறவர்களும் கண்டக்டர்களும் அஞ்சல் நிலையத்தாரும் தொலைதூரக் கல்வியில் முதுகலைக்குச் சேர்ந்தார்கள். பட்டம் இல்லாதவர்களைத் திறந்தநிலைத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். விலகல் படிவம் வாங்கும் பிரிவு அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் படிவம் நிரப்பிக் கொடுக்க இரண்டு பேர் மேசை போட்டார்கள். வரப்புத் தகராறில் பதினெட்டு வருடம் பேசாதிருந்த அண்ணன் தம்பியில், அண்ணன் மட்டும் தகராறிலிருந்து விலகிக்கொண்டு, ஒரு குலை நுங்கோடு சிரித்துக்கொண்டே தம்பி வீட்டுக்குப் போக, விலகாத தம்பி அவரை மம்பட்டியின் கட்டைப் பிடியால் அடித்தான். ஏலக்காரி லூர்தம்மாள், கடலில் போன மகன் திரும்பி வராததிலிருந்து விலகினாள். அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்கிற வேளையில் அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். வலை மடிக்கிற பெண்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒருத்தியாக அவளிடம் போய், இன்றைக்குக் காற்று சரியில்லை, வள்ளம் வரத் தாமதமாகும் என்று சொல்லிக் கூட்டிப்போய் வீட்டில் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் சாவை மட்டும் யாரும் படிவத்தில் எழுதுவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. பெண் பார்க்கப் போகிறவர்கள், படிப்பையும் வேலையையும் கேட்ட கையோடு, பெண் எதிலிருந்தாவது விலகியிருக்கிறாளா என்றும் கேட்கத் தொடங்கினார்கள்.

பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. வரியைத் திருத்த ஆட்சிக்குழு கூடியபோது, குழுவில் பாதிப்பேர் ஏற்கெனவே எதிலிருந்தோ விலகியிருந்தார்கள். ஆகவே வரியை விட்டுவிட்டு உட்பிரிவுகளைச் சேர்த்தார்கள். பருவம் தொடங்கி முப்பது நாளுக்குள் விலக வேண்டும். ஒரு பருவத்துக்கு இரண்டு விலகல்தான். வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்துக் கட்டாயம். படிவம் மூன்று நகல்: வெள்ளை மாணவருக்கு, இளஞ்சிவப்பு துறைக்கு, மஞ்சள் பிரிவு அலுவலகத்துக்கு. பணியில் இருப்பவர்களுக்கு இந்த விதி பொருந்தாது, அவர்களும் மாணவராகச் சேர்ந்திருந்தால் ஒழிய. பிரிவுக் கண்காணிப்பாளர் ஒவ்வொரு படிவத்தையும் முழுக்கப் படித்துச் சான்றளிக்க வேண்டும், அவர் மட்டும் மாணவராகச் சேரவே கூடாது.

அந்தக் கண்காணிப்பாளர் பீர்முகமது. ஓய்வுபெற நாலு வருடம் இருந்தது. ஊரார் இறக்கி வைத்ததையெல்லாம் வாசித்து, படித்துப் பார்த்தேன் என்று அடியில் எழுதி, மஞ்சள் நகலைக் கோப்பில் கோத்துவிட்டு வீட்டுக்குப் போவார். சாப்பிடும்போது அவர் பேசுவதை நிறுத்தி ஒரு வருடமாயிற்று என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மரியபுஷ்பம் இந்த விதிகளில் ஒன்றையும் கண்டுகொள்ளாமல் இருந்தாள். அவள் விலங்கியல் துறையில் ஆறாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. தேரி என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் செம்மணல் மேடுகளில் வாழும் எறும்புகள் எப்போது புற்றைவிட்டு வெளியே வருகின்றன, எவ்வளவு வெயிலில் உள்ளே போகின்றன, மணல் இடம்பெயரும்போது வழியை எப்படித் திரும்பக் கண்டுபிடிக்கின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. நாற்பது புற்றுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண் எழுதிய குச்சி. சாயங்காலம் நாலு மணிக்குக் குப்புறப் படுத்துக்கொண்டு எண்ணத் தொடங்குவாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையில் குடையும் ஒரு கையில் பேனாவுமாக அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் குழல்வாய்மொழி.

குழல்வாய்மொழியைக் குழலி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தென்காசிப் பக்கத்துப் பெண். இருவரும் ஒரே நாளில், ஒரே பேராசிரியரிடம், அரியநாயகத்திடம், பதிவு செய்துகொண்டவர்கள். விடுதியில் ஆறு வருடமாக ஒரே அறை. குழலியின் ஆய்வு சாணவண்டுகளைப் பற்றியது. மணலில் குழி தோண்டி பிளாஸ்டிக் டம்ளரைப் பதித்து வைப்பாள். ஆடிக் காற்று அடித்தால் டம்ளரெல்லாம் மணல் மூடிப்போகும், மறுபடி தோண்டுவாள், மறுபடி மூடும். ஐந்தாம் வருட முடிவில் அவளிடம் ஒன்றரை நோட்டுதான் தேறியது. புஷ்பத்திடம் இருபத்து மூன்று நோட்டுகள் இருந்தன, அதில் பாதிக்கு மேல் குழலியின் கையெழுத்து.

“ஏட்டி, நீ எதுல இருந்தாவது விலகேன்” என்று ஒருநாள் மணலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு குழலி கேட்டாள். “ஊர்ல உள்ளவளெல்லாம் எதையாவது இறக்கி வச்சிட்டு லேசாத் திரியுதாளுவ.”

“எனக்கு இறக்கி வைக்க என்ன இருக்கு? பதினேழாம் நம்பர்ல முப்பத்திரண்டு. எழுது.”

குழலி எழுதினாள்.

ஆராய்ச்சிக்கு ஆறு வருடம்தான் கெடு. இருவருக்கும் ஆவணி முடிவோடு பதிவு காலாவதியாகும். அதற்குள் ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுக்காவிட்டால் பெயர் அடிபடும். ஆடி இருபத்தைந்தாம் தேதி, வெள்ளைத் துணி அட்டை போட்ட சுருக்கத்தை எடுத்துக்கொண்டு புஷ்பம் பிரிவு அலுவலகத்துக்குப் போனாள். பீர்முகமது தலைப்பை வாசித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், பிறகு பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கமாக நகர்த்தினார்.

“இந்தத் தலைப்புல போன வாரமே சுருக்கம் வந்துட்டும்மா. தலைப்பு மாற்றப் படிவத்தோட.”

பதிவேட்டில், தேரி மணல் எறும்புகளின் நடமாட்டம் என்ற வரிக்கு நேராகக் குழல்வாய்மொழி என்றிருந்தது. ஒரே வழிகாட்டியின் கீழ் ஒரே தரவை வைத்து இரண்டு ஆய்வேடுகள் கூடாது, முதலில் பதிவானதே நிற்கும் என்பது ஒன்பதாம் விதி. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

விடுதி அறையில் குழலி துணி மடித்துக்கொண்டிருந்தாள். புஷ்பம் சுருக்கத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, என்னுடைய எறும்புகளை எதற்காக எடுத்தாய் என்று கேட்டாள். குழலி நிமிர்ந்து பார்த்த பார்வையில் களவு செய்தவளின் கலக்கம் ஒரு பொட்டும் இல்லை. அதுதான் புஷ்பத்தைப் பதற வைத்தது.

“உன் எறும்பா? என்னட்டி சொல்லுதே. எறும்பு எனக்குள்ளது, வண்டுதானே உனக்கு? நீ டம்ளர் டம்ளரா குழி தோண்டிட்டு இருப்பே, நான் இந்தப் பக்கம் படுத்து எண்ணிட்டு இருப்பேன். நோட்டைப் பாரு, என் எழுத்துதானே இருக்கு?”

அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் குழலிக்கு இடது காது மடல் சிவந்துபோகும், ஆறு வருடத்தில் அதைப் புஷ்பம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இப்போது காது வெறுமனே காதாக இருந்தது. அன்று முழுக்க புஷ்பத்துக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை தன்னுடையதுதான் வண்டோ, தான்தான் எதிலிருந்தோ விலகிவிட்டு அதையும் மறந்து அலைகிறோமோ என்று, தனியாகத் தேரிக்குப் போய் முதலாம் புற்றின் முன்னால் படுத்துப் பார்த்தாள். கண் தானாக எண்ணத் தொடங்கியது. முழங்கையிலும் வயிற்றிலும் இத்தனை வருடம் மணல் சுட்டுக் காய்ப்பேறிய இடங்கள் சரியாகப் போய்ப் பொருந்தின. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். மறுநாள் காலையில் பேராசிரியரிடம் போனாள்.

அரியநாயகம் நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். மாணவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சாந்தமான முகத்தோடு, தனக்கு நினைவு தெரிந்து எறும்பு குழல்வாய்மொழியுடையதுதான் என்றார். அவர் காதைப் பார்த்துப் பயனில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மேசைமேல், கோயில் கட்டடக்கலை முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு அவர் புதிதாகச் சேர்ந்ததற்கான அடையாள அட்டை கிடந்தது.

அந்த அட்டையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நேரே பிரிவு அலுவலகத்துக்கு நடந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம், வேறு யாருமில்லை. பீர்முகமது டிபன் பாக்ஸைத் திறக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வருவாள் என்று எதிர்பார்த்தவரைப்போல, கோப்பிலிருந்து இரண்டு மஞ்சள் தாள்களை உருவி மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் தாள் குழலியுடையது. பாடத்தின் பெயர்: மரியபுஷ்பத்தின் இருபத்து மூன்று நோட்டுகளை அவளுக்குத் தெரியாமல் படியெடுத்து என் பெயரில் எழுதியது. விலகக் காரணம்: தூக்கம் வரவில்லை.

இரண்டாவது பேராசிரியருடையது. பாடத்தின் பெயர்: குழல்வாய்மொழியின் தலைப்பு மாற்றப் படிவத்திலும் விலகல் படிவத்திலும் தெரிந்தே கையெழுத்திட்டது. விலகக் காரணம்: மரியபுஷ்பம் தினமும் வணக்கம் சொல்கிறாள்.

புஷ்பம் இரண்டையும் இரண்டு தடவை வாசித்தாள்.

“அந்தப் பொண்ணுக்கு ஒரு காலேஜ்ல வேலை உத்தரவு வந்திருக்கு, ஆவணிக்குள்ள ஆய்வேடு கொடுத்தாத்தான் சேத்துக்கிடுவாங்களாம்” என்றார் பீர்முகமது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. “வாசிச்சப்பவே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். சொல்லக் கூடாதுன்னு விதி.”

“இதைக் கொண்டுபோய்க் குழுவுல காட்டலாமா சார்?”

“எடுத்துக்கிடமாட்டாங்கம்மா. விலகிட்டா நடக்காததுதான். நடக்காததுக்கு எப்படி விசாரணை வைப்பாங்க? நோட்டைக் காட்டினா, எழுத்து அவளுக்குள்ளதும்பாங்க.” அவர் இழுப்பறையைத் திறந்து நீல நிறத்தில் ஒரு படிவத்தை எடுத்தார். “மறுசேர்க்கைப் படிவம். விலகினதுல திரும்பச் சேந்துக்கிடலாம், இதே பருவத்துக்குள்ள. ஆனா விலகினவங்களே கையெழுத்துப் போடணும். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டு வரல.”

மஞ்சள் தாளில் ஒன்றைத் தான் பார்க்காதபோது அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போனார், திறக்காத டிபன் பாக்ஸை.

குழலி தன் மஞ்சள் தாளை விடுதி மொட்டைமாடியில், கொடியில் காய்ந்த போர்வைகளுக்கு நடுவே நின்று வாசித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்கினாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

“எழுத்து எனக்குள்ளதுதான்.”

“ஆமா.”

“நான் இப்படிச் செய்வேனாட்டி?”

“செஞ்சிருக்கே.”

“உள்ளே தேடிப் பாக்கேன், ஒண்ணுமே இல்லையே. கழுவி வச்ச பானை மாதிரி இருக்கு.” அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “உனக்குப் போய்ச் செஞ்சிருக்கேனே. வேற யாருக்காவது செஞ்சிருந்தாக்கூட…”

புஷ்பம் நீலப் படிவத்தை நீட்டினாள். இதில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும், வந்தால் நீயே போய்ச் சொல்லலாம், நீயே சொன்னால் ஏற்பார்கள் என்று விளக்கினாள்.

“திரும்ப வந்தா எனக்கு எப்படி இருக்கும்?”

“தூக்கம் வராது. நீதான் எழுதியிருக்கே.”

“உனக்கு வருதா?”

“இல்ல.”

குழலி நீலப் படிவத்தை வாங்கி மடியில் வைத்தாள். பிறகு புஷ்பத்தின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அது அவளுடைய வழக்கம். “நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஆபீசுக்கு வா. உன் முன்னாடியே போடுதேன். இன்னைக்கு ஒருநாள் மட்டும் இப்படியே இருந்துக்கிடுதேன்.” அன்று இருவரும் மெஸ்ஸில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். தக்காளிச் சாதத்தில் கிடந்த முந்திரியைப் பொறுக்கிக் குழலி வழக்கம்போலப் புஷ்பத்தின் தட்டில் போட்டாள். புஷ்பத்துக்கு மனம் இளகி, ஆறு வருடத்தில் மூன்றைக் குழலிக்கே கொடுத்துவிடலாமா, இருவர் பெயரிலும் போட விதியில் இடமிருக்கிறதா என்றுகூட யோசனை ஓடியது.

மறுநாள் ஒன்பதரைக்கே போய்விட்டாள். பிரிவு அலுவலகத்தின் குறுகலான படியில் அவள் ஏற, மேலிருந்து குழலி இறங்கி வந்தாள். கையில் வெள்ளை நகல். இன்னும் மை காயாத முத்திரை. புஷ்பம் சிரித்தாள். குழலி, படியில் எதிர்ப்படும் எவருக்கும் காட்டுகிற மரியாதையோடு சுவரோரம் ஒதுங்கி நின்று, “போங்கக்கா” என்றாள்.

பீர்முகமது மஞ்சள் நகலை மறைக்கவில்லை. பாடத்தின் பெயர் என்ற கட்டத்தில் மரியபுஷ்பம் என்று மட்டும் எழுதியிருந்தது. இந்தப் பருவத்தின் இரண்டாவது விலகல், அனுமதிக்கப்பட்ட அளவுதான். பேராசிரியர் எப்போதும் வெற்றுப் படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டு மாணவர்களிடம் கொடுத்து வைப்பவர். முதல் தடவை செய்ததை அவள் இருட்டில் செய்தாள் என்றால், இதைத் தெரிந்து, வாசித்து, கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, ஒருநாள் முழுக்க யோசித்துச் செய்திருந்தாள். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

“காரணம் எழுதாம விட்டா திருப்பி அனுப்பலாம்லா சார்?”

“முடியாதும்மா. அது விருப்பப்பட்டவங்க எழுதலாம்னுதான் விதி.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் ஒரு புதுப் படிவத்தை எடுத்து, வழிகாட்டி கையெழுத்து இடத்தில் தானே ஏதோ கிறுக்கி, அவள் பக்கம் தள்ளினார். முப்பது வருடப் பணியில் அவர் போட்ட முதல் பொய்க் கையெழுத்து. “இன்னைக்குக் கடைசி நாள். அவ பேரை எழுது. நீயும் லேசாப் போயிரு.”

புஷ்பம் பேனாவை எடுத்தாள். முதல் எழுத்தைக்கூட எழுதினாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

“நானும் விலகிட்டா, சார், அந்த நாப்பது புத்துக்கும் முன்னால யாருமே படுக்கலன்னு ஆயிரும்.”

ஆவணி முடிந்தது. அவள் பெயர் அடிபட்டது. விடுதியைக் காலி செய்யும்போது குழலி, இந்த அறையில் இன்னொரு கட்டில் எதற்கென்று தனக்கே தெரியவில்லை என்று வார்டனிடம் சொல்லி, புஷ்பத்தின் பெட்டிகளைத் தூக்க ஒரு கை கொடுத்தாள். தேரிக்கரையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். கேன்டீன்காரருக்குத் தெரியும், வேப்பமரத்தடி மேசைக்காரர்களுக்குத் தெரியும், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரிக்குத் தெரியும். பாவம் என்று புஷ்பத்திடம் சொன்னார்கள். குழலியிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் புரியாதவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, பெண் பாட்டுக்குக் களங்கமில்லாமல் சிரித்துக்கொண்டு போகிறாள் என்றார்கள். லூர்தம்மாளுக்குக் காற்றைச் சொல்லப் பழகியிருந்த ஊர் அது. இரக்கத்துக்கென்று பழகியது களவுக்கும் பொருந்திப்போனது. புஷ்பம் தேரியை ஒட்டிய செம்மணல்விளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தாள்.

தை மாதம், குழலியின் ஆய்வேட்டுக்குப் பொது வாய்மொழித் தேர்வு நடந்தது. அதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம், பார்வையாளர் ஒருவர் ஒரு கேள்வி கேட்கலாம் என்பது விதி. புஷ்பம் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பேராசிரியர் அரியநாயகம் ஓய்வு பெறுவதற்கு முன் நடத்தும் கடைசித் தேர்வு என்பதால் மாலை, மேளம் தவிர மற்றதெல்லாம் இருந்தது. குழலி பட்டுச்சேலையில் நின்று, திரையில் ஒவ்வொரு அட்டவணையாகக் காட்டி விளக்கினாள். நன்றாகத்தான் பேசினாள். மூன்றாம் ஆண்டு, ஆவணி மாத அட்டவணை வந்தபோது புஷ்பம் முன்னால் சாய்ந்து பார்த்தாள். நாற்பது புற்றுகளுக்கும் நேராக, பதினோரு நாள் வரிசையாகப் பூஜ்யங்கள்.

புஷ்பத்தின் நோட்டில் அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தன. ஆய்வேட்டின் அட்டவணையில் வெற்றுக் கட்டம் கூடாது என்று விதி இருப்பதால், தட்டச்சு செய்தவர் பூஜ்யம் போட்டு நிரப்பியிருக்கிறார். அந்தப் பதினோரு நாளும் புஷ்பம் தேரிக்குப் போகவில்லை. மீன் வண்டி ஓட்டிய அவளுடைய அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஏழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். ஏழு நாளும் ஆஸ்பத்திரி நடையில் பாய் விரித்து அவளோடு கிடந்து, பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்து, கல்லறைத் தோட்டத்தில் அவள் கால் மடங்கியபோது தாங்கிப் பிடித்து, முதல் பிடி மண்ணை அவள் கையோடு கை சேர்த்துப் போட்டு, பிறகு நாலு நாள் அந்த வீட்டுக்குச் சோறாக்கிப் போட்டவள் குழலி.

கேள்வி நேரத்தில் புஷ்பம் எழுந்தாள்.

“மூணாம் வருசம் ஆவணியில பதினோரு நாள் பூஜ்யமா இருக்கே. ஏன்னு சொல்ல முடியுமா?”

குழலி திரையைத் திரும்பிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. கண் எதையோ எட்டிப்பிடிக்கப் போய், பிடி கிடைக்காமல் திரும்பியது. ஒரு கணம் அவளுடைய வலது கை தன் இடது கையை எடுத்துப் பொத்திக்கொண்டது.

“அந்தப் பதினோரு நாளும் எறும்புங்க வெளியே வரலக்கா” என்றாள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது இதுவரை எங்குமே பதிவாகாத நடத்தை, தனிக் கட்டுரையாகவே எழுத வேண்டும் என்றார். அரியநாயகம் பெருமையோடு தலையாட்டினார்.

“வந்துச்சு சார். எண்ணத்தான் ஆளில்ல. அப்போ எங்கப்பா…” என்று புஷ்பம் ஆரம்பித்தாள்.

“இது கேள்வியா, கூற்றா அம்மா?” என்றார் தேர்வாளர், மரியாதையாகத்தான். “பார்வையாளர் கூற்று எதுவும் சொல்லக் கூடாது. ஒரு கேள்வி, அது முடிந்துவிட்டது.”

கைதட்டினார்கள். பட்டம் வழங்கப் பரிந்துரை செய்யப்பட்டது.

வெளியே வராந்தாவில் லட்டும் மிக்சரும் காகிதத் தட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குழலி தானே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி அவளிடம் வந்தாள்.

“நல்ல கேள்வி கேட்டீங்கக்கா. அந்தப் பதினோரு நாளைப் பத்தி யாருமே கேக்கல. உள்ளே என்னவோ சொல்ல வந்தீங்களே?”

புஷ்பத்தின் கைப்பையில் மஞ்சள் தாள் மடித்தபடி இருந்தது. இன்னொரு தடவை காட்டலாம். இன்னொரு தடவை இவள் தரையில் உட்கார்ந்துவிடுவாள், இன்னொரு தடவை நாளைக்குப் பத்து மணி என்பாள்.

“அந்தச் சமயத்துலதான் எங்கப்பா இறந்தாங்க. வேற ஒண்ணுமில்ல.”

குழலியின் முகம் வாடியது. உண்மையாகவே வாடியது. “அய்யோ. பேரு என்னக்கா?”

“சவரிமுத்து.”

“நான் அவுகளுக்காகக் கும்பிட்டுக்கிடுதேன்” என்று சொல்லி, புஷ்பத்தின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். போனாள்.

அந்தக் கட்டுரை வெளியாகிப் பேர் வாங்கியது. அடுத்த வருடம் ஆவணியில் முதுநிலை மாணவர்கள் ஒரு வேன் நிறைய செம்மணல்விளைக்கு வந்தார்கள். தேரி மணல் எறும்புகள் ஆவணியில் பதினோரு நாள் புற்றைவிட்டு வெளியே வருவதில்லை என்பது இப்போது களப்பயிற்சிப் பாடம், இரண்டு மதிப்பீட்டுப் புள்ளி. பள்ளிக்கூடம் விட்டு வந்த புஷ்பம் மேட்டில் நின்று பார்த்தாள். நாலு மணி வெயிலில், நாற்பது புற்றுகளிலிருந்தும் எறும்புகள் சாரைசாரையாகக் கிளம்பி, சிவந்த மணலில் இறங்கி, மாணவர்களின் செருப்பின் மேலும் கால்விரல்களின் மேலும் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒருத்தி குனிந்து கணுக்காலில் ஊர்ந்த ஒன்றைத் தட்டிவிட்டாள். பிறகு அவர்கள் எல்லோரும் நோட்டைத் திறந்து, தேதியைப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் நிதானமாகப் பூஜ்யம் எழுதினார்கள்.